படுவான்கரையின் பனி இரவு: நமக்கும் குளிர்காலம் உண்டா?

கேள்வி: 2023 ஜனவரி 9, களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர்

குளிர்கால இரவு, தெளிந்த வானம், கிராமத்து அமைதி என்று வெளிநாட்டில் இருக்கிறவர்கள் படம் படமாகப் போடுகிறார்கள். அவர்களுக்குக் குளிர்காலம் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? மாரி மழை, வெள்ளம், நுளம்பு. போன மாதம் ஒரு குளிர் வந்தது, அதில் மாடுகள்தான் செத்து விழுந்தன. மட்டக்களப்பில் குளிர்கால இரவு அழகு என்று யாராவது சொன்னால் நம்பத் தயார். ஆனால் எங்கே, எப்போது என்று சொல்ல வேண்டும்.

ஜனவரி 10, காலை

எங்கே என்றால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில். எப்போது என்றால் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடியும்வரை, மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வருகிற இரவுகளில். தம்பி, நீங்கள் இருக்கிற எழுவான்கரையில் இது தெரியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டு தண்ணீரும் இரவெல்லாம் அந்த மண்ணை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். வாவியைக் கடந்து மேற்கே ஏழெட்டு மைல் போனால் வேறு இரவு.

நேற்று இரவு வயல் காவலில் இருந்தேன். வெல்லாவெளிக்கு மேற்கே மூன்று ஏக்கர், நவகிரிக் குளத்துத் தண்ணீர். வேளாண்மை, அதாவது நெற்பயிர், கதிர் பறிந்து பால் பிடிக்கிற நேரம். பன்றி வரும், சில நாள் யானையும் வரும். பரணில் ஏறும்போது ஏழு மணி. நிலா எழ எட்டு மணியாகும், ஆகவே ஒரு மணித்தியாலம் சுத்த இருட்டு. தலைக்கு மேலே செவ்வாய் சிவப்பாக, பக்கத்தில் ஆறுமீன் என்கிற கார்த்திகைக் கூட்டம். கிழக்கே வேட்டைக்காரன், ஓரியன் என்கிற நட்சத்திரக் கூட்டம், சரிந்தபடி ஏறுகிறான். மழை கழுவிய வானம் என்பதால் தூசி இல்லை, நட்சத்திரம் ஒவ்வொன்றும் அருகில் வந்து நின்றது போல இருந்தது.

கீழே சிறிய தீ மூட்டியிருந்தேன். அதன் புகையைக் கவனித்தால் இந்த இரவு என்னவென்று விளங்கும். மேலே போகாது. ஓர் ஆள் உயரம் ஏறி, அங்கேயே படுத்து, கதிர்களுக்கு மேலே வெள்ளைச் சீலை விரித்த மாதிரி நீண்டு போகும். பரணில் இருந்து பார்த்தால் புகை எனக்குக் கீழே இருக்கும். அதன் நடுவே மின்மினி.

தெற்கே தாழ்வாக ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம் ஏறும். அப்பா அதைத் தெற்கத்தி வெள்ளி என்பார். பிறமொழிக்காரர் சிரியஸ் என்று சொல்வது அதைத்தான்.

ஜனவரி 10, மாலை

மாடுகளைப் பற்றிக் கேட்டதற்குக் காலையில் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். அது சரியில்லை.

டிசம்பர் 8, 9இல் வந்த குளிர் வேறு. வங்காள விரிகுடாவில் மண்டூஸ் புயல் போய்க்கொண்டிருந்தது. வானம் முழுக்க முகில், பகலிலும் வெயில் இல்லை, மழைத்தூறல், அதோடு விடாமல் காற்று. வடக்கிலும் கிழக்கிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. என் மச்சானுக்கு மேய்ச்சல் தரையில் நின்ற பட்டியில் பதினொரு உருப்படி போயிற்று. நனைந்த உடம்பில் காற்றுப் பட்டால் உடம்புச் சூடு நிற்காது. மேட்டுக்கு ஓட்ட ஆள் போவதற்குள் முடிந்துவிட்டது. கன்றுகள் தாயின் வயிற்றோடு ஒட்டியபடி விறைத்துக் கிடந்தன என்று அவன் சொன்னபோது அவன் குரல் அடைத்தது.

ஆகவே குளிரெல்லாம் அழகு என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்வது காற்று நின்ற, முகில் இல்லாத குளிர். அந்த டிசம்பர் இரவில் ஒரு நட்சத்திரமும் இல்லை.

ஜனவரி 12

"முகில் இல்லாவிட்டால் ஏன் கூடக் குளிர வேண்டும், வெயிலே இல்லாத இரவில் முகில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகளிடம் கேட்டேன். அவள் உயர்தரத்தில் பௌதிகம் எடுக்கிறாள், பரீட்சை 23ஆம் திகதி தொடங்குகிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விளக்கினாள்.

பகலில் மண் வாங்கிய சூட்டை இரவில் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே விட்டுக்கொண்டே இருக்கும். முகில் இருந்தால் அது அந்தச் சூட்டை வாங்கி ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்பும், போர்வை போட்ட மாதிரி. முகில் இல்லாமல் காற்றும் உலர்ந்திருந்தால் சூடு நேரே வெளியே போய்விடும். முதலில் ஆறுவது நிலமும் புல்லும்தான். அதைத் தொட்ட காற்று பிறகு ஆறும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். மேலே இருக்கிற காற்று அதைவிடச் சூடாக இருக்கும். என் தீயின் புகை ஓர் ஆள் உயரத்தில் படுத்ததற்கு அதுதான் காரணம். புகை ஏறிப் போய் தன்னைவிடச் சூடான காற்றில் முட்டி நிற்கிறது.

"அப்பா, நட்சத்திரம் தெரிகிறதும் குளிர்கிறதும் ஒரே காரணத்தால்தான்" என்றாள். ஐம்பது வயதுக்குமேல் இதை நான் அறிந்துகொண்டேன். இத்தனை வருடமும் குளிரை ஒரு பக்கமும் வானத்தை ஒரு பக்கமும் வைத்திருந்தேன்.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் சில நாள் புல்லில் உறைபனி படிவதும் இதே மாதிரித் தெளிந்த இரவுகளில்தான்.

அளவு கேட்டவருக்கு: மட்டக்களப்பு நகரில் ஜனவரி இரவு பெரும்பாலும் 23 பாகைப் பக்கம் நிற்கும். மகளின் வெப்பமானியைப் பரண்காலில் கட்டி நேற்று விடிய ஐந்து மணிக்குப் பார்த்தேன், 19. வெளிநாட்டில் இருப்பவர்கள் 19 ஒரு குளிரா என்பார்கள். வெறும் சாரனோடு, ஈர வரம்பில், கால் நனைந்து நிற்கிறவனுக்கு அது குளிர்தான். பல் அடிக்கும்.

ஜனவரி 15

பொங்கல். நாலரை மணிக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டினோம். தேய்பிறை அரைநிலா உச்சிக்குக் கிட்ட. கிழக்கே விடிவெள்ளி நல்ல உயரத்தில். மாமரத்து இலைகளிலிருந்து பனி சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம், மழைதான் தொடங்கிவிட்டது என்று அம்மா வெளியே எட்டிப் பார்த்தார். பானை பொங்கும்போது எழுந்த ஆவியில் எதிரே நின்ற மகளின் முகம் மறைந்து மறைந்து தெரிந்தது. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

ஜனவரி 17

இரண்டு திருத்தம்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணர் ஒருவர், எழுதியிருந்தார்: "இந்த மாதம் வெள்ளி மாலையில் மேற்கே நிற்கிறது, விடிய எப்படிக் கிழக்கே கண்டீர்கள்?" அவர் சொன்னது சரி. நான் பொங்கல் அன்று பார்த்தது சுவாதி நட்சத்திரம். நிலாவுக்கு வடகிழக்கே, கொஞ்சம் செம்மஞ்சளாக இருந்தது. விடியலில் கிழக்கே பெரிதாக எது நின்றாலும் விடிவெள்ளி என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

இரண்டாவது, தெற்கத்தி வெள்ளி. அது சிரியஸ் இல்லை. சிரியஸ் நமக்கு நல்ல உயரத்தில், உச்சிக்குத் தெற்கே வரும். அப்பா காட்டியது அதற்கும் கீழே, தெற்கு மரங்களுக்கு மேலே, உச்சிக்கும் அடிவானத்துக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிற்பது. அது அகத்தியர் நட்சத்திரம், கனோபஸ் என்பார்கள். இப்போது இரவு பத்தே முக்காலுக்கு அது நேர் தெற்கில் நிற்கும். வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். வடக்கே இருக்கிற ஐரோப்பாவில் பெரும்பாலான ஊர்களுக்கு அது தெரிவதே இல்லை. அங்கே இருக்கிற நம் ஆட்கள் விடுமுறைக்கு வந்தால் இதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

அப்பாவிடம் கைக்கடிகாரம் இருந்ததில்லை. காவலுக்கு இரண்டு பேர் போவார்கள், ஒருவர் முன்னிரவு, மற்றவர் பின்னிரவு. தைப்பொங்கலை ஒட்டி அவர் கணக்கு இது: ஆறுமீன் உச்சியில் வந்தால் சோறு தின்கிற நேரம். அது மேற்கே மருதமரத்தின் தலையில் இறங்கினால் ஆளை எழுப்பலாம். வேட்டைக்காரன் படுத்துவிட்டால் விடிய இன்னும் இரண்டு மணித்தியாலம். எனக்கு அப்போது பத்து வயது. சாக்கைத் தலையில் போர்த்துக்கொண்டு அவர் மடியில் சாய்ந்திருப்பேன். கையை நீட்டி, விரலிடையால் அளந்து காட்டுவார். அவர் விரலில் சுருட்டு மணம் இருக்கும்.

பிறகு அந்த மருதமரத்தை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் "மருதில் இறங்கினால்" என்றுதான் சொல்வார்.

ஜனவரி 18

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தங்கை கேட்டிருந்தார்: "போர்க் காலத்திலும் இரவில் வயலுக்குப் போனீர்களா?"

1990இலிருந்து பல வருடம் போகவில்லை. இருட்டினால் எந்த வெளியிலும் ஆள் நடமாட்டம் இல்லை. டோச் அடித்தால் எந்தப் பக்கமிருந்து என்ன வரும் என்று தெரியாது. வேளாண்மையைப் பன்றிக்கே விட்டுவிட்டோம். வீட்டிலும் விளக்கைத் தணித்துவிட்டு, முற்றத்தில் பாய் போட்டு, கதைக்காமல் படுத்திருப்போம். அந்த இரவுகளில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று இப்போது நினைத்தால் தெரிகிறது, மின்சாரமே இல்லாத ஊர். ஆனால் நாங்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. காது மட்டும்தான் விழித்திருந்தது. நாய் குரைக்கிற திசையை வைத்து யார் வருகிறார்கள் என்று ஊகித்துக்கொண்டிருப்போம்.

அப்பா மட்டும் ஒருநாள் மெதுவாக "ஆறுமீன் சாய்ந்திட்டு, மனே" என்றார். எழுப்பி விடுவதற்கு ஆள் இல்லை, போவதற்குக் காவலும் இல்லை. சும்மா சொன்னார்.

ஜனவரி 23

நேற்று மாலை ஆறே முக்காலுக்கு மேற்கே வெள்ளியும் சனியும் ஒட்டி நின்றன. வெள்ளி பளிச்சென்று, சனி அதன் பக்கத்தில் மங்கலாக ஒரு பொட்டு. இன்று அவை கொஞ்சம் விலகிவிட்டன, மேலே நகக்கீறல் மாதிரி மூன்றாம்பிறை. அமாவாசை முந்தாநாள் கழிந்ததால் இந்தக் கிழமை இரவெல்லாம் நட்சத்திரம்தான்.

"கல்லடிப் பாலத்தில் நின்றாலும் இதே நட்சத்திரம்தானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். நகரத்து அந்தப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். புதுப் பாலத்து விளக்கு, கடை விளக்கு, வாகன வெளிச்சம். வேட்டைக்காரனின் இடுப்பில் உள்ள மூன்றும், சிரியஸும், இன்னும் ஒரு கை அளவும் தெரியும். ஆறுமீனில் இரண்டு மூன்றை எண்ணலாம். எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், நின்று மகள் ஒன்பது எண்ணினாள், நான் ஆறு.

ஆனால் பாலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1924இல் கட்டிய அந்தப் பழைய பாலத்தில்தான் என் தலைமுறை மீன் பாடுவதைக் கேட்கப் போய் நின்றது. அது கோடைகாலத்து நிலவிரவுக்கு உரிய இன்பம். இது அதற்கு மறுபாதி.

கேட்பது என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. பனி இரவில் தூரத்துச் சத்தம் பக்கத்தில் கேட்கும். மண்டூர்க் கோயில் மணி என் வயலுக்குப் பகலில் கேட்காது. இப்போது விடியப்புறம் அடிக்கிற மணி நாக்கு பித்தளையில் படுகிற கிண் என்ற ஓசை வரைக்கும் கேட்கிறது. குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் இருக்கும்போது ஒலி மேலே போகாமல் திரும்பக் கீழே வளைகிறதாம். புகையைத் தடுக்கிற அதே அடுக்குத்தான் ஒலியையும் தரையோடு வைத்திருக்கிறது. எங்கேயோ ஓர் ஆக்காட்டி கத்தினால் பரணுக்குக் கீழே நின்று கத்துகிற மாதிரி. நரி ஊளை தொடங்கினால் எத்தனை நரி, எந்தக் காட்டோரம் என்று எண்ணிவிடலாம். அடுத்த வட்டைக் காவல்காரர் இருமுவதும் கேட்கும். அவருக்கு நான் தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்கும், "எனக்கும் ஊத்துகா" என்று அங்கிருந்து குரல் கொடுப்பார். இருநூறு யார் தூரம், கத்தத் தேவையில்லை.

ஜனவரி 25

மின்வெட்டு இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடம். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது பெரிய துன்பம். மகள் குப்பி விளக்கில் படித்துக்கொண்டிருக்கிறாள். ஊர் முழுக்க அணைந்ததால் வாசலில் நின்றே பால்வீதி தெரிந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. கூப்பிடவில்லை.

பெப்ரவரி 2

ஒரு கிழமையாக எழுதவில்லை. வங்காள விரிகுடாவில் உண்டான தாழமுக்கம் நம் கரையையே தொட்டது. மழை, காற்று. வேளாண்மை விளைந்து தலை சாய்கிற நேரம், பாதிக்குமேல் படுத்துவிட்டது. வக்கடை வெட்டித் தண்ணீரை இறக்கிக்கொண்டிருக்கிறேன். வானத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

பெப்ரவரி 6

நேற்றுத் தைப்பூசம். மழை விட்டு மூன்றாம் நாள். முகில் கலைந்து நிலா வந்தது.

பூரணை இரவைப் பற்றி இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26உம் பூரணைதான், மார்கழித் திருவாதிரை. அன்று பின்னேரம் எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்தோம். கையில் பிள்ளையோடு வந்தவர்கள், பிள்ளையைத் தேடி வந்தவர்கள். இரவு நிலா எழுந்தபோது முற்றத்தில் ஒரு தாய் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். போர்வை கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. அதன்பிறகு மார்கழிப் பூரணையை நான் வெளியே நின்று பார்ப்பதில்லை. தைப் பூரணைக்கு அந்தப் பாரம் இல்லை. ஆகவே இதைச் சொல்கிறேன்.

நிலா வெளிச்சத்தில் நட்சத்திரம் குறையும், பனி பெருகித் தெரியும். ஒன்பது மணிக்குமேல் வயலின் மேல் பனிமூட்டம் முழங்கால் உயரத்துக்கு எழுந்து, வரம்புகள் அதில் மூழ்கி, வெள்ளையான ஒரு வாவி மாதிரி ஆகிவிடும். அதில் நடந்தால் பாதம் தெரியாது.

முன்பு இந்த நிலவில்தான் சூடு அடிப்பார்கள். வெட்டிய கதிரைச் சூடு என்கிற குவியலாகக் குவித்து வைத்து, களத்தில் பரப்பி, எருமைகளைப் பிணைத்துச் சுற்றவிடுவார்கள். பகல் வெயிலில் எருமை நிற்காது, அதற்குப் பனி இரவுதான் தோது. களத்தில் கதைக்கிற சொல்லே வேறாக இருக்கும். நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். "பொலி, பொலி" என்று ஒருவர் இழுத்துப் பாட மற்றவர் எடுப்பார்கள். எருமையின் முதுகிலிருந்து ஆவி எழும். நான் வைக்கோலுக்குள் புகுந்து தலையை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருப்பேன். வைக்கோலின் உள்ளே சூடு, மூக்கு நுனியில் மட்டும் குளிர். அந்தச் சுகத்தை இன்றைக்கு எந்த மெத்தையும் தரவில்லை.

இப்போது மிஷின் வந்து ஒரு மணித்தியாலத்தில் ஒரு ஏக்கரை வெட்டி, அடித்து, மூட்டையில் தள்ளிவிடுகிறது. எனக்கு அது வேண்டும், கூலிக்கு ஆள் கிடையாது. அதன் முன்விளக்கு எரியும்போது நிலா இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இரண்டும் உண்மை.

பெப்ரவரி 8

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழியைச் சிலர் எடுத்துப் போட்டிருந்தார்கள். இந்தப் பனியில் விவசாயிக்குப் பயமும் உண்டு. இரவு குளிர்ந்து, ஓலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் எரிபந்தம் பிடிக்கும். முதலில் ஓலையில் கண் மாதிரிப் புள்ளி, கதிர்க்கழுத்தில் பிடித்தால் கதிர் வெளுத்துப் பதராகிவிடும். எனக்கு ஒரு மூலையில் கால் ஏக்கர் அப்படிப் போயிருக்கிறது. அழகைப் பேசும்போது அதையும் சொல்ல வேண்டும்.

பனித்துளி பற்றி இன்னொன்று. விடியலில் நெல் ஓலை நுனியில் ஒரே ஒரு துளி, முத்து மாதிரி உருண்டு நிற்கும். வயல் முழுக்க, ஓலைக்கு ஒன்று. இவ்வளவு காலமும் அது பனி என்றுதான் நினைத்திருந்தேன். மகள் இல்லை என்கிறாள். இரவில் வேர் இழுத்த தண்ணீரைச் செடியே நுனியால் வெளியே விடுகிறதாம். இன்று விடிய டோச்சோடு குந்தியிருந்து ஒரு நுனியைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்து ஓலையின் முதுகில் பூப்போல படர்ந்திருந்தது பனி. துடைத்த நுனியில் கொஞ்ச நேரத்தில் கடுகளவு தண்ணீர் முளைத்தது. பிறகு மெல்ல வளர்ந்தது. என் கண் முன்னாலே வளர்ந்தது. கால் விறைத்தும் எழும்ப மனம் வரவில்லை.

பெப்ரவரி 11, நள்ளிரவு

பச்சை வால்வெள்ளி பற்றிக் கேட்டவர்களுக்கு: கண்டோம். போன வருடம் மார்ச்சில் அமெரிக்காவில் கண்டுபிடித்த அது, பெப்ரவரி 1ஆம் திகதி பூமிக்கு மிகக் கிட்ட வந்தது, கிட்ட என்றால் ஏறக்குறைய நான்கு கோடியே இருபது இலட்சம் கிலோமீற்றர். அன்று நமக்கு மழை. இன்று அது செவ்வாய்க்குப் பக்கத்தில் நிற்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். நாளைக்குப் பரீட்சை இல்லை, கூடவே வந்தாள்.

எட்டு மணி. நிலா எழ இன்னும் இரண்டரை மணித்தியாலத்துக்குமேல். இரவல் வாங்கிய இருகண் தொலைநோக்கியைச் செவ்வாய்க்கு நேரே பிடித்தால் ஒன்றும் இல்லை, வெறும் மங்கல். கண்ணாடியில் பனி படிந்திருந்தது. சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி, துடைத்து, மூச்சு அதில் படாமல் அடக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். செவ்வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி, பஞ்சுப் பொட்டு ஒன்று. வால் இல்லை, பச்சையும் இல்லை, சாம்பல் நிறம். நேரே பார்த்தால் மறையும், கண்ணைச் சற்று விலக்கினால் வரும்.

போன தடவை இது வந்தது ஐம்பதினாயிரம் வருடத்துக்கு முன் என்று கணித்திருக்கிறார்களாம். "அப்ப இந்த வயல் இருந்திருக்காது, வரம்பு இருந்திருக்காது, யானை மட்டும் இருந்திருக்கும்" என்றாள் மகள். அவள் சொல்லி முடிய மேற்கே காட்டோரத்தில் கிளை முறிகிற சத்தம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அடுத்த வட்டைக்காரர் ஒரு வெடி போட்டார். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 19

நேற்றுச் சிவராத்திரி. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் மூன்றாம் சாமப் பூசை வரை இருந்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் நேரே வயலுக்குப் போனேன். வழியில் பள்ளமான இடங்களில் இறங்கும்போதெல்லாம் குளிர் நெஞ்சில் அடித்தது, மேட்டில் ஏறினால் காற்று இளஞ்சூடு. மகள் சொன்ன பள்ளத்துக் குளிர் இதுதான் என்று உடம்பே காட்டிக்கொடுத்தது.

பரணுக்கு வந்தபோது இரண்டரை மணி. தெற்கே சிலுவை நிமிர்ந்து நின்றது. நாலு நட்சத்திரம், அடிவானத்துக்கு மேலே ஒரு சாண் அளவு. அதன் இடப்பக்கத்தில் பின்தொடர்ந்து வருகிற இரண்டு பெரிய நட்சத்திரம். நமக்குத் தென்சிலுவையும் தெரியும், வடக்கே துருவ நட்சத்திரமும் தெரியும். துருவம் ஏழெட்டுப் பாகை உயரம்தான், மரம் இருந்தால் மறைத்துவிடும். குளக்கட்டில் நின்றால் தண்ணீருக்கு மேலே காணலாம். ஒரே இரவில் இரண்டையும் பார்க்கிற மண் உலகத்தில் எல்லோருக்கும் வாய்க்கவில்லை, தம்பி. நீங்கள் முதல் நாள் "நமக்கு என்ன இருக்கிறது" என்று கேட்டீர்களே, இந்த ஒன்றை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

அப்பாவின் மணிக்கணக்கு ஜனவரியில் எழுதியதை வைத்து யாரோ மாசியில் பார்த்து, பிழைக்கிறது என்று எழுதியிருந்தார். பிழைக்கத்தான் செய்யும். நட்சத்திரம் ஒவ்வொன்றும் நாளுக்கு நாலு நிமிடம் முந்தி வரும், மாதத்தில் இரண்டு மணித்தியாலம். இப்போது ஆறுமீன் சோறு தின்கிற நேரத்தில் உச்சி கடந்து மேற்கே சரிந்துவிடும். அப்பாவுக்கும் இது தெரிந்திருக்கும். மாசிக்கு வேறு கணக்கு வைத்திருந்திருப்பார். நான் கேட்டு வைக்கவில்லை.

பெப்ரவரி 23

களுவாஞ்சிக்குடித் தம்பி நேற்று வந்தார். குருமண்வெளியில் பாதை என்கிற வாவிப் படகில் ஏறி, மோட்டார் சைக்கிளோடு மண்டூர்த் துறையில் இறங்கினார். பாதையில் வரும்போதே மேற்கே வெள்ளி, அதற்கு மேலே பிறைநிலா, அதற்கும் மேலே வியாழன் என்று மூன்றும் வரிசையாக நின்றனவாம். வாவித் தண்ணீரிலும் மூன்றும் தெரிந்தன என்றார். அவர் தன் மகளையும் கூட்டி வந்திருந்தார், ஏழு வயது. குல்லாவும் கம்பளிச் சட்டையும் போட்டிருந்தாள்.

மரவள்ளிக் கிழங்கு சுட்டோம். இஞ்சித் தேத்தண்ணி. பிள்ளை பரணில் ஏறியதும் கேட்டது, "மாமா, புகை ஏன் படுத்திருக்கு?" அவளுடைய அப்பா என்னைப் பார்த்தார். நான் என் மகளைப் பார்த்தேன். பரீட்சை முடிந்த பிள்ளை, ஆறுதலாக இருந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

தம்பி நெடுநேரம் கதைக்கவில்லை. பத்து மணிபோல "இதெல்லாம் எப்பவும் இங்கதானே இருந்திருக்கு" என்றார். வாவிக்கு அந்தப் பக்கத்தில் நாற்பது வருடம் இருந்திருக்கிறார்.

மார்ச் 2

வெட்டு முடிந்தது. படுத்த பகுதியில் நட்டம்தான், மற்றது பரவாயில்லை. மேற்கே வெள்ளியும் வியாழனும் இன்று ஒரு நிலா அகலத்துக்குக் கிட்ட வந்து நிற்கின்றன, வெறுங்கண்ணால் பாருங்கள், ஏழு மணிக்குள். பனி குறைந்துவிட்டது, விடியலில் வெப்பமானி 22 காட்டியது.

இன்று பின்னேரம் பரணைப் பிரித்துத் தடிகளை வாடிக்குள் அடுக்கினேன். மேலே விரித்திருந்த சாக்கை உதறி வேலியில் போட்டேன். வெயில் பட்டும் அதன் நடுப்பகுதி இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.